கோபுரம் கடைசியில்தான்: ஜப்பானியக் கோட்டைகளுக்குள் நடப்பது எப்படி

ஒசாகா கோட்டையின் கோபுரத்துக்குள் லிஃப்ட் ஓடுகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான். கருத்த மரத்தூண்களையும் தேய்ந்த படிகளையும் எதிர்பார்த்து உள்ளே போனால் காங்கிரீட் சுவர், கண்ணாடிப் பெட்டிகள், எட்டாவது தளத்தில் ஊரைப் பார்க்க ஒரு வெளித்தாழ்வாரம். இந்தக் கோபுரம் 1931-இல் கட்டியது. "அசல் கோட்டை இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் டிக்கெட் வாங்க வந்த வழியிலேயே அசல் கோட்டையைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். ஒதெமோன் என்கிற முதன்மை வாயிலை நோக்கி நடக்கும்போது இடது பக்கம் அகழிக்கு மேலே நிற்கும் வெள்ளை மாடம் செங்கன் யகுரா; யகுரா என்றால் காவல் மாடம். 1620-இல் கட்டப்பட்டது. அதன் துப்பாக்கித் துளைகள், வாயிலுக்கு வரும் பாதையைப் பக்கவாட்டில் குறிபார்க்கின்றன. வாயிலைத் தாண்டியதும் தலைக்கு மேல் வரும் தாமோன் யகுராவின் தரையில் பலகைகளை நீக்கினால் நீளமான இடுக்குகள் திறக்கும். கீழே வருகிறவன்மேல் ஈட்டியைச் செருகுவதற்காக வைத்தவை. இன்னும் உள்ளே, சகுராமோன் வாயிலுக்கு நேர் எதிரே, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரே கல். உயரம் சுமார் 5.5 மீட்டர், அகலம் 11.7 மீட்டர், எடை 108 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடது ஓரத்தில் உள்ள கறை ஆக்டோபஸ் மாதிரி தெரிவதால் அதற்கு தாகோ இஷி, ஆக்டோபஸ் கல், என்று பெயர். நிறையப் பேர் அதன்மேல் சாய்ந்து நின்று கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள்.

ஜப்பானியக் கோட்டையில் தென்ஷு எனப்படும் உச்சிக் கோபுரம்தான் கண்ணுக்கு முதலில் படும். போர்க் கணக்கில் அது கடைசி. எதிரி அதன் காலடிக்கு வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏறக்குறைய விழுந்துவிட்டது என்று பொருள். கட்டியவர்கள் மூளையைச் செலவழித்தது கோபுரம்வரை வரும் வழியில்தான்: வாயில், திருப்பம், சரிவு, மதில், துளை. பார்க்கப் போகிறவர்களும் நேரத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

எது அசல்?

எடோ காலத்திலோ (1603-1868) அதற்கு முன்போ கட்டி இன்றுவரை நிற்கும் தென்ஷுக்கள் 12 மட்டுமே. ஹிரோசாகி, மட்சுமோட்டோ, மருவோகா, இனுயாமா, ஹிகோனே, ஹிமேஜி, மட்சுவே, பிட்சூ மட்சுயாமா, மருகாமே, ஷிகோகு தீவின் மட்சுயாமா, உவாஜிமா, கோச்சி. இவற்றில் ஹிமேஜி, மட்சுமோட்டோ, ஹிகோனே, இனுயாமா, மட்சுவே ஐந்தும் தேசியப் பொக்கிஷங்கள்.

மற்றவை எங்கே போயின? 1615-இல் தொகுகவா அரசு ஒரு நிலப்பகுதிக்கு ஒரு கோட்டை போதும் என்று ஆணையிட்டு மீதியை இடிக்கச் சொன்னது. 1873-இல் மெய்ஜி அரசு, ராணுவத்துக்கு வேண்டாத கோட்டைகளைக் கைவிட்டது. பல கோட்டைகளின் கட்டடங்கள் மரத்துக்காகவும் இரும்புக்காகவும் ஏலத்தில் போயின. தப்பியவற்றில் மிட்டோ, ஒகாக்கி, நகோயா, வகயாமா, ஒகயாமா, ஃபுகுயாமா, ஹிரோஷிமா ஆகிய ஏழும் 1945-இல் குண்டுவீச்சில் அழிந்தன. மட்சுமாயே 1949-இல் தீப்பிடித்தது. ஆக 12.

போருக்குப் பின் ஊர் ஊராகக் கோபுரங்களைத் திரும்ப எழுப்பினார்கள். நகோயா 1959, குமமோட்டோ 1960, ஒகயாமா 1966: மூன்றும் வெளியே பழைய தோற்றம், உள்ளே காங்கிரீட். 1990-களுக்குப் பிறகு சில ஊர்கள் பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து மரத்திலேயே கட்டின. எஹிமே மாநிலத்தின் ஒசு கோட்டைக் கோபுரம் 2004-இல் அப்படி எழுந்தது. அதன் பக்கத்தில் நான்கு பழைய யகுராக்கள் அசலாகவே நிற்கின்றன. கோபுரம் புதுசு என்பதால் கோட்டையே போலி ஆகிவிடாது. அகழியும் கல்மதிலும் பெரும்பாலான இடங்களில் 400 வயதானவை. ஒரு கோட்டைக்குப் போகும் முன் "கோபுரம் அசலா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வாயில்களும் யகுராக்களும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?" என்றும் தேடிப் பாருங்கள். அந்த எண்தான் பயணத்துக்கு உதவும்.

அரிசி அளக்கும் பெட்டி

ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு போவதென்றால் மசுகதா என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். மசு என்றால் அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டி. கோட்டை வாயிலில் அதே வடிவத்தில் ஒரு முற்றம்தான் மசுகதா. வெளியே சின்னதாக ஒரு வாயில். அதைத் தாண்டினால் கல்மதில் சூழ்ந்த சதுர வெளி. நேரே போக வழி இல்லை, எதிரே சுவர். 90 டிகிரி திரும்பினால்தான் இரண்டாவது வாயில். அது பெரியது, மேலே மாடி கட்டியது. ஓடி வந்த படை வேகம் இழந்து, திரும்பும் இடத்தில் நெரிந்து, மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் சுடப்படும். அளவுப் பெட்டிக்குள் விழுந்த அரிசி எங்கே போகும்?

வெளி வாயிலின் கூரையை நின்று கவனியுங்கள். இந்த வகைக்கு கோரைமோன், அதாவது கொரிய வாயில், என்று பெயர். 1590-களில் கொரியாமீது படையெடுத்த காலத்தை ஒட்டிப் பரவியது. முன்தூண்களுக்கு மேலே ஒடுக்கமாக ஒரு கூரை. பின்னால் தாங்கும் இரு தூண்களுக்கும் தனித்தனியே குட்டிக் கூரை. இதற்கு முந்தைய வாயில்களில் எல்லாவற்றையும் மூடும் ஒரே அகலக் கூரை இருந்தது. அதன் அடியில் எதிரி ஒதுங்கி நின்றால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. கூரையை மூன்றாகப் பிரித்துச் சுருக்கியதும் ஒதுங்க இடமில்லை. கோட்டைக் கட்டடக் கலையின் சாரம் என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: அழகாகத் தெரியும் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன் சுடுவதற்குப் பார்வை மறையக் கூடாது என்ற கவலை இருக்கிறது.

இதைப் பார்க்க வெளியூர் போகவும் வேண்டாம், காசும் வேண்டாம். டோக்கியோவில் பேரரசர் அரண்மனை இருப்பது பழைய எடோ கோட்டைக்குள்தான். அதன் தெற்கே சகுராதாமோன் வாயிலில் முழு மசுகதா அப்படியே இருக்கிறது. வெளி வாயில், முற்றம், உள்வாயில் மூன்றும். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் நாள் முழுக்க அதன் வழியே ஓடுகிறார்கள். 1860 மார்ச்சில் ஷோகுன் எனப்படும் ராணுவ ஆட்சியாளரின் தலைமை அமைச்சர் ஈ நவோசுகே பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இந்த வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் ஹிகோனே கோட்டையின் பிரபு. வடக்கே புதோக்கான் அரங்குக்குப் போகும் தாயாசுமோன் வாயிலில் கதவின் உலோகக் கீலில் 1636-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பொறித்திருக்கிறது. எடோ கோட்டையின் பெருங்கோபுரமோ 1657 தீயில் எரிந்தது. பிறகு கட்டவே இல்லை. அதன் கல்பீடம் மட்டும் கிழக்குத் தோட்டத்துக்குள் நிற்கிறது. அந்தத் தோட்டம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும் என்பதை நாள் குறிக்கும்போதே நினைவில் வையுங்கள்.

ஹிமேஜி: 130 மீட்டருக்கு 325 மீட்டர்

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் ஹிமேஜிக்குப் போங்கள். இகேதா தெருமாசா 1609-இல் முடித்த கோபுரம். ஜூலை 1945-இல் ஊர் எரிந்தபோதும் இது தப்பியது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ரயில் நிலையத்திலிருந்து நேர்சாலை, கால் மணி நேரம், இருபது நிமிட நடை. முதல் அடியிலிருந்தே கோபுரம் தெரியும்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் வரும் ஹிஷி வாயிலிலிருந்து பெருங்கோபுரத்துக்கு நேர்கோட்டில் சுமார் 130 மீட்டர்தான். நடக்க வேண்டியது 325 மீட்டர். இந்த வித்தியாசம்தான் ஹிமேஜி. ஒரு காலத்தில் 84 வாயில்கள் இருந்தன, இப்போது 21. ஜப்பானிய எழுத்து வரிசையான இ, ரோ, ஹா, நி, ஹோ என்பதை வைத்தே பல வாயில்களுக்குப் பெயர்.

இ வாயிலையும் ரோ வாயிலையும் கடந்து, சரிவில் ஏறி ஹா வாயிலுக்குப் போகும்போது இடமும் வலமும் வெள்ளைச் சுவர். அதில் வட்டம், முக்கோணம், சதுரம் என வரிசையாகத் துளைகள். கோபுரம் நேர் எதிரே, கைக்கு எட்டுவதுபோல் நிற்கும். ஹா வாயிலைத் தாண்டியதும் பாதை கோபுரத்துக்கு முதுகு காட்டித் திரும்பிவிடும். அடுத்த நி வாயிலில் உட்புகும் வழி இருண்டு, கூரை தாழ்ந்து, உள்ளுக்குள்ளேயே வளையும்; ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அங்கே ஓட முடியாது. ஹோ வாயில் இன்னும் குட்டையானது, இரும்புத் தகடு போர்த்தது. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹோ வாயிலுக்கு உள்ளே ஒரு சுவர் மட்டும் வெள்ளை பூசாமல் மண் நிறத்தில் நிற்கிறது. அபுராகாபே, எண்ணெய்ச் சுவர். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடுக்குக் கோடுகள் தெரியும். மற்ற சுவர்களில் உள்ள துளைகள் இதில் இல்லை. அதை ஒட்டி வலப்பக்கம் முதலாம் நீர் வாயில். அங்கே நடக்கிறதைக் கால்தான் முதலில் கண்டுபிடிக்கும்: பாதை கீழே இறங்குகிறது. கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது, ஆனால் சரிவோ இறக்கம். வழி தெரியாமல் புகுந்தவன் தப்பான பக்கம் வந்துவிட்டோம் என்று தயங்குவான். தயங்குகிற அந்தக் கணத்துக்காகத்தான் மேலே துளைகள்.

பெருங்கோபுரம் வெளியே ஐந்து அடுக்காகத் தெரியும். உள்ளே ஆறு தளமும் ஒரு நிலவறையும். கல்பீடத்தின் சுமார் 15 மீட்டரைச் சேர்த்து மொத்த உயரம் 46 மீட்டர். நிலவறையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை இரண்டு பெருந்தூண்கள். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூணை 1956-64 திருப்பணியில் மாற்றினார்கள். மூன்றாம் தளத்தின் மூலைகளில் வீரர்கள் ஒளிந்திருக்கும் சிற்றறைகள். நான்காம் தளத்தில் சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டதால், அவற்றை எட்ட நாற்புறமும் மேடை கட்டிப் படி வைத்திருக்கிறார்கள். சுடும்போது புகை அடைக்காமல் வெளியேறத் தனிச் சன்னல்கள் உண்டு. சுவரெங்கும் உள்ள மரக்கொக்கிகள் துப்பாக்கியும் ஈட்டியும் மாட்ட. இப்போது வெறுமையாக இருப்பதால் "உள்ளே ஒன்றுமே இல்லை" என்று சிலர் எழுதுகிறார்கள். கொக்கிகளை எண்ணிப் பார்த்தால் அப்படி எழுதத் தோன்றாது.

திரும்பும் வழியில் பிஸென் வாயிலின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் நீள்கல்லை விட்டுவிடாதீர்கள். அது பழங்காலக் கல்லறை ஒன்றின் கல்பேழை. கல் பற்றாக்குறையில் கிடைத்ததையெல்லாம் மதிலில் வைத்துக் கட்டினார்கள்.

இத்தனை ஏற்பாடு செய்த இந்தக் கோட்டை இன்றைய வடிவில் பெரும்போர் எதையும் காணவே இல்லை.

துளைகளும் "கல் போடும்" பெட்டிகளும்

சுவர்த்துளைக்கு ஸமா என்று பெயர். பழந்தமிழில் ஏப்புழை என்று ஒரு சொல் உண்டு. ஏ என்றால் அம்பு. செங்குத்தான நீள்சதுரத் துளை அம்புக்கு; வில்லை நின்றுகொண்டு வளைக்க வேண்டும் என்பதால் அது உயரம் அதிகம். வட்டம், முக்கோணம், சதுரம் மூன்றும் துப்பாக்கிக்கு. மண்டியிட்டுச் சுட வசதியாகக் கீழே இருக்கும். உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் சரிந்திருப்பதால், உள்ளே இருப்பவன் துப்பாக்கியை இருபுறமும் திருப்பலாம். வெளியே இருப்பவனுக்கு ஒரு சின்ன ஓட்டைதான் இலக்கு. எந்தத் துளையிலும் கண்ணை வைத்துப் பாருங்கள்: நீங்கள் பத்து நிமிடத்துக்கு முன் நடந்து வந்த பாதையின் ஒரு துண்டு அதில் தெரியும். எந்தத் துளை எந்தத் துண்டைக் காவல் காக்கிறது என்று பொருத்திப் பார்ப்பதைப்போல வேறெதுவும் கோட்டையைப் புரியவைக்காது.

ஹிகோனே கோபுரத்தில் வெளியே நின்று தேடினால் துளையே தெரியாது. வெளிப்பக்கத்தை மெல்லிய சுண்ணச்சாந்தால் மூடிவிட்டார்கள். போர் வந்தால் உள்ளிருந்து குத்தி உடைத்துக்கொள்ளலாம். ஒசாகாவில் கல்மதிலின் உச்சிக்கல்லிலேயே சின்னச் சின்னப் பள்ளங்கள் செதுக்கியிருக்கும், அவையும் துப்பாக்கிக்குத்தான்.

சுவரின் மூலையில் வெளியே புடைத்து நிற்கும் பெட்டிக்கு இஷி ஒதோஷி, கல் போடும் இடம், என்று பெயர். பெயரை நம்பி, அங்கிருந்து பாறைகளை உருட்டினார்கள் என்று விளக்குகிறவர்கள் அதிகம். அடியில் உள்ள இடுக்கின் அகலத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும். மதிலில் ஏறுகிறவனை மேலிருந்து சுடவும் ஈட்டியால் குத்தவும்தான் அது பொருத்தமாக இருக்கிறது. தவிர, ஒரு மூலையில் எத்தனை கல்லைத்தான் குவித்து வைக்க முடியும்?

மட்சுமோட்டோ சமவெளிக் கோட்டை. மலை இல்லாத குறையை அகழி ஈடுகட்டுகிறது. உள்ளகழியின் அகலமான பகுதி ஏறக்குறைய 60 மீட்டர். அக்காலத் திரித்துப்பாக்கி குறிதவறாமல் சுடும் தூரமும் அதுதான். 1543-இல் தானெகாஷிமா தீவில் போர்ச்சுகீசியர் வழியாக வந்த துப்பாக்கி, அரை நூற்றாண்டில் அகழியின் அகலத்தையே முடிவு செய்யும் அளவுக்குப் போயிருக்கிறது. அதே கோபுரத்தோடு ஒட்டி 1630-களில் சேர்த்த நிலாமாடத்தில் துளையும் இல்லை, கல்பெட்டியும் இல்லை. மூன்று பக்கமும் திறந்து, சிவப்புக் கைப்பிடியோடு நிலவு பார்க்கக் கட்டியது. போர்க்காலமும் அமைதிக்காலமும் ஒரே கதவின் இருபுறமும் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

கோச்சி கோபுரத்தின் வடபக்கத்தில் இரும்பு முட்கள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஏறி வருகிறவனைத் தடுக்க. இருந்த இடத்திலேயே மிஞ்சியவை அவை மட்டும்தான். அதே கோட்டையில் மதிலிலிருந்து வெளியே நீளும் கல்தூம்புகளையும் பாருங்கள். மழை மிகுந்த ஊர். மதிலுக்கு எதிரியைவிடத் தண்ணீர் பெரிய ஆபத்து.

வழியை ஏமாற்றும் வேறு சில இடங்கள்

ஷிகோகுவின் மட்சுயாமா கோட்டை 132 மீட்டர் குன்றின்மேல். ரோப்வேயில் ஏறி இறங்கி நடந்தால் கோபுரம் நேரே தெரியும் ஒரு இடம் வரும். கால் தானாக நேரே போகும். நேரே போனால் மதிலின் அடியில் மாட்டிக்கொள்வோம். சரியான வழி அங்கே கொண்டை ஊசி போல வலப்பக்கம் மேலே மடங்குகிறது. அதில் ஏறி, கதவே இல்லாத தோனாஷி வாயிலைத் தாண்டினால் எதிரே சுட்சுயி வாயில், கோட்டையிலேயே பெரியது. அதன் வலப்பக்கம் மதில் சற்றுத் துருத்தி நிற்கும். அந்தத் துருத்தலின் பின்னால் இன்னொரு வாயில். பெயரே ககுரெமோன், மறைவாயில். பெருவாயிலை உடைப்பதில் எதிரி மும்முரமாக இருக்கும்போது மறைவாயிலைத் திறந்து முதுகுப்பக்கம் பாய்வதுதான் திட்டம். சுட்சுயி வாயில் 1949-இல் எரிந்து 1971-இல் மீண்டும் கட்டியது, மறைவாயில் அசல். சுட்சுயி வாயில்முன் நின்று வலப்பக்கம் பாருங்கள்: மறைவாயில் தெரியாது. இரண்டே அடி நகருங்கள்.

ஹிகோனேயில் ஏறும் பாதை ஒரு மரப்பாலத்தின் அடியில் போகிறது. இருபுறமும் செங்குத்தான கல்மதில். நீங்கள் நிற்பது குன்றை வெட்டி ஆழப்படுத்திய பள்ளத்தில். பாதை சுற்றி மேலே ஏறி, பிறகு அதே பாலத்தைக் கடந்துதான் தென்பின் யகுராவுக்குள் நுழைகிறது. நெருக்கடியில் பாலத்தைத் தள்ளிவிட்டால் வழி முடிந்தது. பாலத்தின் மறுமுனையில் இரு பக்க மதிலையும் ஒப்பிடுங்கள்: வலப்பக்கம் பழைய முறை, இடப்பக்கம் 1854-இல் திரும்பக் கட்டியது, கற்கள் சாய்வாக விழுந்ததுபோல் அடுக்கியிருக்கும்.

பிட்சூ மட்சுயாமா 430 மீட்டர் உயரத்தில். ஃபுயிகோ கணவாய் வாகன நிறுத்தத்திலிருந்து 700 மீட்டர் மலைப்பாதை, இருபது நிமிடம் பிடிக்கும். முதன்மை வாயில் பக்கத்தில் மனிதன் கட்டிய கல்மதில், இயற்கையான செங்குத்துப் பாறையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கே பாறை முடிந்து மதில் தொடங்குகிறது என்று கழுத்து வலிக்கப் பார்க்கலாம். கோபுரம் இரண்டே அடுக்கு. உள்ளே குளிர்காய ஒரு கல் அடுப்பு. முற்றுகையில் மலைமேல் குளிர்காலம் கழிக்க நேரும் என்று நினைத்தவர்கள் கட்டியது.

கல்லே இல்லாத கோட்டையும் உண்டு. ஷிசுவோகா மாநிலத்தின் யாமானகா கோட்டையில் அகழிக்குள் மண் வரப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக விட்டிருக்கிறார்கள். இறங்கியவன் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு ஏறித்தான் போக வேண்டும். செம்மண் சரிவு மழையில் கால் நிற்காது. இப்போது புல் போர்த்திப் பச்சையாக இருக்கிறது. 1590-இல் ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதெயோஷியின் பெரும்படை வந்தபோது இக்கோட்டை அரை நாளில் விழுந்தது. எவ்வளவு நல்ல அகழியும் காவலுக்குப் போதிய ஆளில்லாமல் நிற்காது.

ஏறும்போதும் இறங்கும்போதும்

அசல் கோபுரங்களின் படிகள் ஏணிக்குக் கொஞ்சம் தங்கை. மட்சுமோட்டோவில் செங்குத்தான படி 61 டிகிரி, ஒவ்வொரு படியும் 40 சென்டிமீட்டர்வரை உயரம். மருவோகாவில் 65 டிகிரியைத் தாண்டுகிறது. பிடித்து ஏறக் கயிறு தொங்கும். காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இங்கேதான் விபத்துகள்: ஒரு கையில் காலணிப் பை, மறு கையில் கைபேசி, வழுக்கும் நைலான் சாக்ஸ், நூற்றாண்டுகளாகத் தேய்ந்து மினுங்கும் மரம். காலணிப் பையை முதுகுப்பையில் போடுங்கள். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் போதும். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குங்கள். பெரிய பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரிலேயே விட்டுவிடுங்கள். புடவையோ வேட்டியோ இந்தப் படிக்கு ஒத்துவராது. முழங்கால் வலி உள்ளவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு வாயில்களையும் மதிலையும் சுற்றினாலே கோட்டையின் பெரும்பகுதியைப் பார்த்தவர்கள்தான்.

விடுமுறை நாட்களில் மட்சுமோட்டோவிலும் ஹிமேஜியிலும் கோபுர வரிசை மணிக்கணக்கில் நீளும். திறக்கும் நேரத்துக்கே போய் நேராகக் கோபுரம் ஏறிவிட்டு, வாயில்களைத் திரும்பும் வழியில் பொறுமையாகப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் ஹிமேஜியில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஏறும் திசையில் நடந்தால்தான் வழி உங்களை ஏமாற்றும். மூடும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

எந்த மாதம் போகலாம் என்றால் எல்லாரும் செர்ரி பூக்கும் ஏப்ரலைச் சொல்வார்கள். மதிலைப் பார்க்க வேண்டும் என்றால் அது மோசமான மாதம். கூட்டம் ஒரு பக்கம். பூவும் இலையும் கல்லை மறைப்பது இன்னொரு பக்கம். கோட்டை போருக்கு நின்ற காலத்தில் மதிலோரம் இப்படி மரங்கள் இல்லை. எதிரி மறைய இடம் தருவார்களா? இலை உதிர்ந்த டிசம்பர், ஜனவரியில்தான் மதிலின் வளைவு முழுசாகத் தெரியும். மரத்தரை ஜில்லென்று இருக்கும், கனத்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டின் கடைசி நாட்களில் பல கோட்டைகள் மூடியிருக்கும்.

மட்சுவேக்குப் போனால் நிலவறையில் 24 மீட்டர் ஆழக் கிணறு இருக்கிறது; கோபுரத்துக்குள்ளேயே குடிநீர். தூண்களைச் சுற்றிப் பலகை பொதிந்து இரும்புப் பட்டை அடித்திருப்பதையும் தடவிப் பாருங்கள். இந்தக் கோபுரம் எந்த ஆண்டு கட்டியது என்பதற்கு நெடுநாள் ஆதாரம் இல்லாமல் இருந்தது. 2012-இல் பக்கத்துக் கோயில் ஒன்றில் இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. 1611-ஐக் குறிக்கும் எழுத்தோடு. அவற்றின் ஆணித்துளைகளை நிலவறைத் தூண்களில் இருந்த ஆணித்துளைகளோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தின. 2015-இல் கோபுரம் தேசியப் பொக்கிஷம் ஆனது.

கல்மதில், கடைசியாகக் குமமோட்டோ

மதிலில் மூன்று வகையைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் எந்தக் கோட்டையிலும் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். கிடைத்த கல்லைச் செதுக்காமல் அடுக்கியது நோசுராசுமி. விளிம்பைத் தட்டிப் பொருத்தியது உச்சிகோமிஹாகி. கத்திகூட நுழையாதபடி இழைத்துப் பொருத்தியது கிரிகோமிஹாகி, பெரும்பாலும் பிந்தியது. மூலைகளில் நீளமான கற்களை ஒரு வரிசை இந்தப் பக்கமும் அடுத்த வரிசை அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள், அது சாங்கிசுமி. மூலை ஒழுங்காக இருந்தால் மதில் பிந்தியது, அல்லது திரும்பக் கட்டியது.

கண்ணுக்குத் தெரியும் கல் மதிலின் தோல்தான். அதன் பின்னால் தலையளவுக் கற்களை நிரப்பியிருப்பார்கள். மழைநீர் அதன் வழியே இறங்கி வெளியேறும். மதில் கெடுவதும் அங்கேதான். மண் புகுந்து இடைவெளி அடைபடும், தண்ணீர் தேங்கும், மரவேர் நெம்பும், நிலநடுக்கத்தில் நிரப்புக்கல் அமுங்கி முன்கல்லைத் தள்ளும். மதில் வயிறு தள்ள ஆரம்பிக்கும். ஹிரோசாகியில் அப்படி வயிறு தள்ளிய மதிலைச் சரிசெய்ய, 2015-இல் 400 டன் எடைக் கோபுரத்தைப் பிரிக்காமல் அப்படியே எழுபது மீட்டருக்கு மேல் நகர்த்தினார்கள். மருகாமேயில் 2018 மழையில் மதிலின் தென்மேற்குப் பகுதி சரிந்தது.

குமமோட்டோவை கட்டோ கியோமாசா 1607-இல் முடித்தார். அடியில் ஆள் ஓடி ஏறலாம் போலச் சாய்ந்து, மேலே போகப் போகச் செங்குத்தாக நிமிரும் மதில். 120 கிணறுகள் தோண்டியதாகச் சொல்கிறார்கள். கட்டி 270 ஆண்டுகள் கழித்து, 1877 பிப்ரவரியில், அரசுக்கு எதிராகக் கிளர்ந்த சைகோ தகமோரியின் சட்சுமா படை ஏறக்குறைய 13,000 பேரோடு வந்தது. உள்ளே அரசுப் படை அதில் கால்வாசிக்குச் சற்று மேல். முற்றுகைக்குச் சில நாள் முன்பே கோபுரம் தீயில் எரிந்துபோனது. கோபுரம் இல்லாமலே, ஐம்பது நாளுக்கு மேல், ஏப்ரல் 14 வரை கோட்டை தாக்குப்பிடித்தது. மதிலும் வழியும்தான் காத்தன.

அதே மதிலை 2016 ஏப்ரல் 14-லும் 16-லும் வந்த நிலநடுக்கங்கள் உலுக்கின. மதில் பரப்பில் பத்தில் ஒரு பங்கு சரிந்தது. சரிந்ததையும் சேர்த்துப் பத்தில் மூன்று பங்கைப் பிரித்து அடுக்க வேண்டிய நிலை. காங்கிரீட் கோபுரம் 2021-இல் தயாராகிவிட்டது. முழுப் பணியும் முடிய 2052 ஆகும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். விழுந்த கற்களுக்கு எண் போட்டுத் திடலில் வரிசையாகப் பரப்பி, பழைய புகைப்படங்களை வைத்து ஒவ்வொன்றும் எந்த இடத்துக் கல் என்று தேடுகிறார்கள்.

பணி நடக்கும்போதே மக்கள் பார்க்கட்டும் என்று தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம் 2020-இல் திறந்தார்கள். சாதாரணமாகக் கிடைக்காத உயரம் அது. மதிலின் இடுப்பளவுக்குக் கண் வரும். வழியில் இரண்டு மதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கும் மூலை வரும். ஒன்று சாய்வு மிகுந்தது, மூலைக்கற்கள் அளவொத்தவை அல்ல. அதை ஒட்டிப் பின்னாளில் கட்டியது செங்குத்து. மூலையில் நீள்கற்கள் மாறி மாறி ஒழுங்காகப் பூட்டியிருக்கும். கம்பியோரம் சற்று நேரம் நில்லுங்கள். முதல் மதிலைக் கட்டியவர்களுக்கும் இரண்டாவதைக் கட்டியவர்களுக்கும் நடுவே கைவேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அந்த மூலைக்கற்களில் தெரியும்.